மீட்டர் பெட்டி சின்னானும் வெள்வேல மரத்துப் பொன்வண்டும்

எங்க வீட்டுத் திண்ணையில கரண்ட் மீட்டர் பெட்டி இருக்கு, அந்தப் பெட்டிக்கு மேல ஓட்டுக்குக் கீழ ஒரு சாண் இடுக்கு, போன வருஷம் ஆடி மாசம் அந்த இடுக்குல ஒரு ஜோடி சின்னான் கூடு கட்டிருச்சு. சின்னான் தெரியும்ல, தலையில கருப்பா சின்னக் கொண்டை, உடம்பெல்லாம் அடுப்புப் புகை படிஞ்ச மாதிரி பழுப்பு, வாலுக்கு அடியில மட்டும் குங்குமத்தை அள்ளி அப்புன மாதிரி ஒரு செவப்பு, சில ஊர்ல கொண்டைக்குருவின்னு சொல்லுவாங்க. தர்மபுரி மாவட்டத்துல எந்த ஊர்ல எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் கொஞ்ச நேரத்துல ஒண்ணாவது கண்ணுல படும், வேப்பமரம், ஒயரு, கொடிக்கயிறு, மாட்டுக்கொட்டாய் கூரை, எங்கயும் இருக்கும். அதனாலயே யாரும் அதை நின்னு பாக்குறது இல்ல. நானும் பாத்தது இல்ல, நாப்பது வயசு வரைக்கும்.

நான் ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை பாக்குறேன். சனிக்கிழமை ராத்திரி ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி வழியா பஸ் புடிச்சு பாலக்கோடு பக்கம் இருக்குற எங்க ஊருக்கு வந்துருவேன், வீட்டுக்காரம்மாவும் பொண்ணும் எங்க ஆயாவும் ஊர்லதான். அதனால அந்தக் கூட்டை நான் வாரத்துக்கு ஒரு நாள்தான் நேர்ல பாத்தேன், மத்த நாள் எல்லாம் என் பொண்ணு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து அம்மா போன்ல வீடியோ எடுத்து அனுப்புவா. மொதல் ஞாயித்துக்கிழமை பாதி கிண்ணம். சீமார் குச்சி, காஞ்ச வேர், கேவுரு தட்டுல இருந்து உரிச்ச நாரு, சிமெண்ட் மூட்டை தைக்கிற நூல் ஒண்ணு, எல்லாத்தையும் ஒட்டவச்சு சிலந்தி வலை. அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு முட்டை, வெளிறின ரோஸ் கலர்ல, மேல மாந்துளிர் கலர் புள்ளி பொரிப்பொரியா தெளிச்சு வச்ச மாதிரி. அவ்வளவு அழகான முட்டை எங்க வீட்டு மீட்டர் பெட்டி மேல இருக்கும்னு நான் நெனச்சே பாத்தது இல்ல.

ரீடிங் எடுக்க வந்த ஈபிக்காரர் ஸ்டூல் போடப் போனார், என் பொண்ணு ஓடிப் போய் தடுத்தா, அவரு ஒரு வார்த்தை கோச்சுக்கல, தள்ளி நின்னு போன்ல ஜூம் பண்ணி நம்பரப் பாத்துக்கிட்டு, "குஞ்சு பொரிச்சா சொல்லு பாப்பா"ன்னு சொல்லிட்டுப் போனாராம். ரெண்டு வாரம் அடை, அப்புறம் குஞ்சு. மூணுல ஒண்ண ஒரு நாள் காலைல காணோம், பூனையா ஓணானா தெரியல. மிச்சம் ரெண்டு பன்னெண்டு பதிமூணு நாள்லயே கூட்ட விட்டு எறங்கிருச்சு, சரியாப் பறக்கக்கூட வரல, கறிவேப்பிலைச் செடிக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு, தாயும் தகப்பனும் கொடிக்கயிறு மேல உக்காந்துக்கினு போற வர்றவங்களை எல்லாம் திட்டித் தீத்துச்சுங்க. எங்க ஆயா அந்த வழியா சாணி கொட்டப் போறதையே ரெண்டு நாள் நிறுத்திட்டாங்க.

இதெல்லாம் நடந்துக்கிட்டு இருக்கும்போதுதான் பொன்வண்டு வந்துச்சு.

ஆவணி பொறந்து மொதல் வாரமோ ரெண்டாவது வாரமோ, சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. காலைல நானும் பொண்ணும் கொல்லைக்குப் போனோம். எங்க பக்கம் மானாவாரி நிலத்தைக் கொல்லைன்னுதான் சொல்லுவோம், கேவுரு, கொள்ளு, நடுவுல தொவரை, அவரை. கொல்லையோட மேல்வரப்புல ஒரு வெள்வேல மரம் நிக்குது, எங்க தாத்தா காலத்து மரம், வெளிறின பட்டை, அகலமா விரிஞ்ச கிளை, வெயில் காலத்துல அதோட காயத்தான் ஆட்டுக்கு உலுக்கிப் போடுவோம். என் பொண்ணு மரத்துக்கு அந்தப் பக்கம் போனவ "அப்பா, இங்க என்னமோ மினுக்குது"ன்னு கத்துனா. நான் யாரோ போட்ட சாக்லேட் பேப்பர்னு நெனச்சுட்டுத்தான் போனேன்.

கண் மட்டத்துக்குக் கீழ ஒரு கிளையில, மழைத்தண்ணி சொட்டச் சொட்ட உக்காந்திருந்துச்சு. என் கட்டைவிரல் நீளத்துல பாதிக்கு மேல இருக்கும், நல்ல கனமான வண்டு. புடவைக் கடையில மயில் கழுத்துப் பச்சைன்னு எடுத்துப் போடுவாங்களே அந்தப் பச்சை, நாம தலைய இந்தப் பக்கம் சாய்ச்சா நீலம், அந்தப் பக்கம் சாய்ச்சா செம்பு. கழுத்துப் பகுதி முழுக்க அம்மைத்தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி. முதுகு ஓட்டுல ஊசியால குத்துன மாதிரி புள்ளி, புள்ளிக்குள்ள வெளிர் மஞ்சளா என்னமோ பொடி அடைச்சு வச்ச மாதிரி. நான் விரல நீட்டுன உடனே காலெல்லாம் மடக்கிக்கிட்டு பொத்துன்னு கீழ விழுந்துருச்சு, செத்த மாதிரி. என் பொண்ணுக்கு அழுகையே வந்துருச்சு. "சும்மா இரு, அது நடிக்குது, பாரு"ன்னேன். ரெண்டு நிமிஷம் இருக்கும், மொதல்ல மீசை ரெண்டும் அசைஞ்சுது, அப்புறம் ஒரு கால், அப்புறம் எல்லாக் காலும். அவ உள்ளங்கையில எடுத்து வச்சேன், "நகம் குத்துதுப்பா"ன்னா, ஆனா கைய எடுக்கல.

"இது என்னன்னு தெரியுமா, இதான் பொன்வண்டு."

"சோப்பா?"

அவ தப்பு ஒண்ணும் இல்ல. அவளுக்கு ஒம்பது வயசு, அந்தப் பேரை அவ துணி தொவைக்கிற இடத்துலதான் கேட்டிருக்கா. அந்த சோப்புக்கு ஏன் அந்தப் பேரு வச்சாங்க, ஏன் அந்தப் பேரைக் கேட்ட உடனே எங்க வயசு ஆளுங்களுக்கு மனசுக்குள்ள ஒரு பளபளப்பு வருதுன்னு சொல்றதுக்கு அவகிட்ட காட்ட இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. கணக்குப் போட்டுப் பாத்தேன், கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் எங்க ஊர்ல நான் உயிரோட பாத்த மூணாவது பொன்வண்டு அது.

1996ல நான் ஏழாவது. அந்த வருஷம் மழை விட்ட உடனே எங்க கிளாஸ்ல பாதிப் பசங்க பாக்கெட்ல தீப்பெட்டி இருக்கும், தீப்பெட்டிக்குள்ள ஒரு வண்டு, ஒரு கொத்து வேல இலை, இல்லன்னா கொடுக்காப்புளி இலை. முழுப் பச்சையா இருக்குறத ராஜான்னும், கழுத்து பச்சையா முதுகு காப்பிக்கொட்டை கலர்ல இருக்குறத ராணின்னும் சொல்லுவோம், ஒரு ராஜாவுக்கு நாலு கோலியும் ஒரு பென்சிலும் வெல. ரெண்டும் ஆணும் பெண்ணும் இல்ல, வேற வேற இனம்னு ரொம்பப் பிந்தித்தான் தெரிஞ்சுக்கிட்டேன், ரெண்டையும் ஸ்டெர்னோசெராங்கிற ஒரே பேரினத்துல வச்சிருக்காங்க. சட்டையில மாட்டிவிட்டா ப்ரோச் குத்துன மாதிரி புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கும். கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவுல இலைய நீட்டுனா, கழுத்த மேல தூக்கி எறக்கும்போது நறுக்குன்னு வெட்டும், அதுல விரல வச்சு ரத்தம் பாக்காத பையன் எங்க செட்ல கெடையாது. ஒரு நாள் கணக்குப் பீரியட்ல ஒருத்தன் பெட்டிய லேசா தொறந்திருக்கான், வண்டு வெளிய வந்து ங்ங்ங்னு ஒரு சுத்து, ஜன்னல் பக்கம் வெளிச்சம் பட்ட இடத்துல அப்படியே ஒரு பச்சை மின்னல், வாத்தியாரு சாக்பீஸக் கையில வச்சுக்கிட்டு போர்டுல எழுத வந்ததையே மறந்துட்டு அது ஜன்னல் வழியா போற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாரு. அடிக்கல. "எந்த மரத்துலடா புடிச்ச?"ன்னுதான் கேட்டாரு.

சில பெட்டியில முட்டை இருக்கும். நொய் அரிசி சைஸுக்கு, அஞ்சு, ஆறு, சிலதுல அதுக்கும் மேல. பஞ்சு வச்சு, அடுப்புப் பக்கத்துல வச்சு, ராத்திரி போர்வைக்குள்ள வச்சுன்னு குஞ்சு பொரிக்கும்னு காத்துக்கிட்டு இருப்போம். ஒண்ணுகூட பொரிச்சது இல்ல. அத்தனையும் காஞ்சு சுருங்கி, பெட்டியத் தட்டுனா உள்ள உருள்ற சத்தம் மட்டும் கேக்கும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அதனாலதான் பொன்வண்டு கொறைஞ்சு போனதுக்கு நாங்கதான் காரணம், தீப்பெட்டிக்குள்ள வச்சு வச்சு நாங்களே முடிச்சுட்டோம்னு பல வருஷம் மனசுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துச்சு.

அதோட வாழ்க்கை எப்படின்னு படிச்சதுக்கு அப்புறம் அந்த எண்ணம் மாறிருச்சு. நாம பாக்குற அந்தப் பளபளக்கிற வண்டு கடைசிச் சில வாரம்தான், அவ்வளவுதான். முட்டைய மரத்தடி மண்ணுல போடும், அதுல இருந்து வர்ற வெள்ளைப் புழு மண்ணுக்குள்ளயே கெடந்து வேரைத் தின்னு வளரும், மாசக்கணக்குல, வருஷக்கணக்குல கூட. அதோட வயசுல முக்காவாசிக்கு மேல இருட்டுல, நம்ம காலுக்குக் கீழ. மழை எறங்கி மண்ணு எளகுனாத்தான் வெளிய வந்து, எலையக் கடிச்சு, ஜோடி சேந்து, முட்டை போட்டுட்டு செத்துப் போகும். பசங்க புடிச்சதால ஒரு மரத்துல பத்து கொறைஞ்சிருக்கலாம். ஆனா மண்ணையே பொரட்டிப் போட்டா அடுத்த வருஷம் வர வேண்டியது, அதுக்கு அடுத்த வருஷம் வர வேண்டியது எல்லாமே ஒரே நாள்ல போயிரும்ல. என் கணக்கு இதுதான். எங்க ஊர்ல 1996ல இருந்து இன்னைக்கு வரைக்கும் மாறுன விஷயத்தை எண்ணிப் பாருங்க, தீப்பெட்டி வச்சிருக்குற பசங்க இல்லவே இல்ல, வரப்பு ஓர வேல மரமும் இல்ல, கல்லாங்குத்து கரடு எல்லாம் ஜேசிபி விட்டு சமம் பண்ணி தக்காளிக்கு சொட்டுநீர் போட்டாச்சு, கிருஷ்ணகிரி வரைக்கும் போனா கிளிமூக்கு மாந்தோப்பு, அதுக்குள்ள வருஷத்துக்கு பல தடவை டிராக்டர் ஓடும்.

சின்னானுக்கு இதுல எதுவுமே பிரச்சனை இல்ல. வேல மரத்த வெட்டுனா மீட்டர் பெட்டி. கொல்லை போயி தோப்பு வந்தா மாம்பழத்தக் கொத்தும், தக்காளி போட்டா தக்காளியும் தின்னும், மரத்துல பழம் இல்லாத மாசம் புழு, பூச்சி, ஈசல். எங்க ஆயா கேவுருக் களி கிண்டுன சட்டியக் கழுவி ஊத்துற இடத்துல வந்து என்னத்தையோ கொத்திட்டுப் போகுது. இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிகளா ஃபிஜித் தீவுக்குப் போன சனங்களோட இந்தப் பறவையும் போயிருக்கு, அங்க போயும் நல்லாப் பெருகிருச்சு. பசிபிக் தீவுகள்ல பழத்தோட்டக்காரங்க இதைக் கண்டாலே கோவப்படுற நெலமை, உலகத்துல வேத்து மண்ணுல போயி அதிக கெடுதல் பண்ற நூறு உயிரினம்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல பறவை மொத்தமே மூணுதான், மைனா, ஐரோப்பாவோட ஸ்டார்லிங், அப்புறம் நம்ம சின்னான். இத என் பொண்ணுகிட்ட சொன்னப்போ அவ நம்பவே இல்ல. கொடிக்கயிறுல உக்காந்து கத்துறதப் பாத்துட்டு "இதா?"ன்னா.

இன்னொன்னும் சொல்லணும். இதோட அறிவியல் பேர்ல கடைசி வார்த்தை காஃபர், அதாவது தென்னாப்பிரிக்கா பக்கத்துப் பறவைன்னு அர்த்தம் வர்ற மாதிரி. 1766ல லின்னேயஸ் அந்தப் பேரை வச்சப்போ மாதிரிப் பறவை நன்னம்பிக்கை முனையில இருந்து வந்ததுன்னு தப்பா நெனச்சுட்டாங்க. சின்னான் அந்தப் பக்கத்துப் பறவையே கெடையாது. கோடிக்கணக்கான பேரோட வாசல்ல தெனம் கத்துற பறவைக்கு விலாசமே தப்பா விழுந்து, இன்னைக்கு வரைக்கும் அதே பேருதான். எங்க ஊர்ப் பேரை யாராச்சும் தப்பா எழுதுனா எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு இதப் படிச்சப்போ.

இருந்தாலும் பறவைங்களுக்கு ஆள் இருக்காங்க. 2015ல இருந்து தமிழ்நாட்டுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு நடக்குது, யார் வேணாலும் அவங்க இருக்குற எடத்துல கொறைஞ்சது 15 நிமிஷம் நின்னு பாத்ததையும் கேட்டதையும் எழுதி ஏத்திவிடலாம். இந்தத் தையில நானும் பொண்ணும் மாட்டுப்பொங்கல் அன்னைக்கு மாட்டக் குளிப்பாட்டிட்டு கொட்டாய்க்கிட்ட நின்னு எழுதுனோம், சின்னான் ஒம்பது, மைனா ஆறு, தவிட்டுக்குருவி ஒரு கூட்டம், கருஞ்சிட்டு ரெண்டு, தேன்சிட்டு ரெண்டு. இந்த மாதிரி லட்சக்கணக்கான பட்டியல் சேந்துதான் 2023ல இந்தியப் பறவைகளோட நிலைமை அறிக்கை வந்துச்சு, 942 இனத்துக்கு மதிப்பீடு இருக்கு அதுல. உலகம் முழுக்கவே பறவை இனம் சுமார் 11,000தான். வண்டு பேர் வச்சது மட்டுமே நாலு லட்சம் இனம் பக்கம், பேர் வச்ச விலங்கினத்துல நாலுல ஒரு பங்கு வண்டுதான், அதுல பொன்வண்டுக் குடும்பம் மட்டும் 15,000 பக்கம். பொன்வண்டுக்குன்னு பொங்கலுக்கு நின்னு எண்ணுற பழக்கம் நம்மகிட்ட இல்ல. அதுவும் நாம நிக்கிற நேரத்துல அது மண்ணுக்குள்ள இருக்கும்.

பொன்வண்ட நாம எண்ணல, ஆனா மூட்டை கட்டி ஏத்துமதி பண்ணிருக்கோம். 19ஆம் நூற்றாண்டுல மெட்ராஸ், ஹைதராபாத், கல்கத்தா இந்த ஊர்ல எல்லாம் மெல்லிசான மஸ்லின் துணியில பொன்வண்டுச் சிறகை வெட்டி ஜரிகையோட வச்சுத் தச்சு வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்காங்க, இங்கிலாந்துப் பெண்களுக்கு பார்ட்டி கவுன். 1888ல லண்டன் லைசியம் தியேட்டர்ல எல்லன் டெர்ரிங்கிற நடிகை ராணி வேஷத்துக்குப் போட்ட ஒரு பச்சை கவுன்ல ஆயிரம் சிறகு இருந்துச்சாம். அந்த கவுனைச் செப்பனிட்டு 2011ல மறுபடி பார்வைக்கு வச்சாங்க. படத்தப் பாத்தேன், நூறு வருஷம் தாண்டியும் சிறகு பளபளன்னு இருக்கு.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. சின்னானோட வாலடிச் செவப்பு சாயம், எறகுக்குள்ள ஊறுன நிறம். பொன்வண்டோட பச்சை சாயம் கெடையாது. அதோட ஓட்டுல ரொம்ப ரொம்ப மெல்லிசா அடுக்கடுக்கா படலம் இருக்கு, வெளிச்சம் ஒவ்வொரு அடுக்குல பட்டுத் திரும்பும்போது ஒண்ணோட ஒண்ணு சேந்து பச்சை மட்டும் கூடுது, மத்தது அடங்கிடுது. மழை பேஞ்ச ரோட்டுல டீசல் சிந்துனா தண்ணி மேல வானவில் மாதிரி ஓடுமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். சாயம் இருந்தாத்தானே வெயில்ல வெளுக்கும், அடுக்கு கலையாத வரைக்கும் அந்தப் பச்சை போகாது, வண்டு செத்தாலும் போகாது. ஜப்பான்ல ஹோரியூஜிங்கிற கோயில்ல 7ஆம் நூற்றாண்டுல வண்டுச் சிறகு பதிச்சு செஞ்ச சின்னச் சந்நிதி ஒண்ணு இருக்கு, அந்த ஊர்ப் பொன்வண்டுச் சிறகு.

எங்க வீட்டுலயும் ஒரு சிறகு இருக்கு. ஆயாவோட ட்ரங்குப் பெட்டியில, அவங்க தாலிச்சரடு பழசு, ரேஷன் கார்டு பழசு, எங்க அப்பன் போட்டோ, இதுங்களோட ஒரு தைலப் புட்டிக்குள்ள. 1996ல செத்துப்போன என்னோட ராஜாவோட சிறகு, நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுனப்போ ஆயா புட்டியில போட்டு வச்சுருக்காங்க, நான் மறந்தே போயிட்டேன். அன்னைக்கு நாங்க கொல்லையில இருந்து வந்து பொன்வண்டுன்னு சொன்ன உடனே எதுவும் பேசாம உள்ள போயி எடுத்துட்டு வந்தாங்க. "உங்கொப்பன் அழுத அழுகை இருக்கே"ன்னு பேத்திகிட்ட சொல்லிக்கினு புட்டியத் தட்டுனாங்க, அவ கையில விழுந்துச்சு, அன்னைக்குப் பாத்த அதே பச்சை.

அந்த உயிர் வண்ட நாங்க வீட்டுக்குக் கொண்டு வரல. எனக்கு ஆசை இருந்துச்சு, அவளுக்கு அதைவிட. தீப்பெட்டிக்குள்ள உருண்ட முட்டையப் பத்தி சொன்னேன், கேட்டுட்டு அவளே போயி மரத்துப் பட்டையில வச்சா. அது நகத்தக் கோத்துக்கிட்டு அசையாம நின்னுச்சு, அப்புறம் ஒரு கிளை ஏறி எலைக்குள்ள போயிருச்சு.

மாசியில சித்தப்பா ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்து நின்னாரு. மேல்வரப்பத் தட்டி ரெண்டு கொல்லையும் ஒண்ணாக்குனா சொட்டுநீர் போடலாம், தக்காளி வைக்கலாம்னு. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கொள்ளுல என்னா காசு வருது, அவரு புள்ளைங்க ரெண்டு பேரும் படிக்கிறாங்க. வெள்வேலத்த வேரோட தள்ளிடணும்னாரு.

"சித்தப்பா, அந்த மரம் மட்டும் இருக்கட்டுங்க."

"ஏன்டா, முள்ளு மரம்டா அது, நெழலு விழுந்தா அந்தப் பக்கம் செடி வருமா?"

"அதுல பொன்வண்டு இருக்கு."

"பொன்வண்டா. நாங்க பாக்காத பொன்வண்டா. மரத்த உலுக்குனா பொலபொலன்னு கொட்டுமே அப்பல்லாம்." சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. "வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற பூச்சிக்காக பத்தடி நெலத்த விடுவாங்களா?"

நான் அவரை மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க காட்டுறதுக்கு ஒண்ணு இருந்துச்சு, போன தடவை வண்டத் தேடும்போது நான் கவனிச்சது. மரத்தோட கிளை விரிஞ்ச அளவுக்குக் கீழ நாலு சந்தனக் கன்னு, மொழங்கால் ஒசரத்துல ரெண்டு, இடுப்பளவுல ரெண்டு. யாரும் நட்டது இல்ல. சந்தனப் பழத்தத் தின்னுட்டு வந்து சின்னானோ குயிலோ அந்தக் கிளையில உக்காந்து எச்சம் போட்டதுல மொளைச்சது. விதை வந்து விழுந்தா மட்டும் போதாது, சந்தனம் தனியா நின்னு வளராது, அதோட வேரு பக்கத்துல இருக்குற மரத்தோட வேரைப் போயி கவ்வி அதுகிட்ட இருந்து தண்ணியும் சத்தும் உறிஞ்சித்தான் தேறும், வேல மரம் அதுக்கு நல்ல தொணை. அதாவது மேல சின்னான் உக்கார்ற கிளை, அதே மரத்தோட வேர்ல கீழ சந்தனத்தோட பிடி, அதே வேரக் கடிச்சுக்கிட்டு இருட்டுல பொன்வண்டுப் புழு. இத்தன நாளு ரெண்டையும் நான் தனித்தனியாத்தான் பாத்தேன், ஒண்ணு வீட்டுக்கு வர்றது, ஒண்ணு காணாமப் போனது. ரெண்டும் ஒரே மரத்துக்கு வாடகை இல்லாம குடியிருக்குதுங்கன்னு அந்த எடத்துல நின்னப்போதான் எனக்கே ஒறைச்சுது. சின்னானுக்கு அந்த மரம் பத்துல ஒண்ணு, இல்லன்னா வேற பாத்துக்கும். பொன்வண்டுக்கு அந்த மரத்தடி மண்ணுதான் வீடு.

சித்தப்பா சந்தனத்தப் பாத்து இன்னும் பயந்துட்டாரு. "ஐயய்யோ, பிடுங்கிப் போடுடா, ஃபாரெஸ்ட்காரன் வந்து நிப்பான்"னாரு. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு சந்தனம்னாலே கேஸு, ஜீப்பு, அலைச்சல்தான் ஞாபகம் வரும். 2002லயே சட்டம் மாறிருச்சு, பட்டா நெலத்துல வளர்ற சந்தனம் நெலத்துக்காரருக்கே சொந்தம், ஆனா வெட்டுறது விக்கிறது வனத்துறை மூலமாத்தான், இதைப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். நம்புனாரா இல்லையான்னு சொல்ல முடியாது. ஆனா இடுப்பளவுக் கன்னு ரெண்டையும் கையால தடவிப் பாத்தாரு, கொஞ்ச நேரம் மரத்தையே சுத்தி வந்தாரு, அப்புறம் காலால மண்ணுல கோடு கிழிச்சாரு. "இந்த வட்டத்துக்கு வெளிய நான் ஓட்டிக்கிறேன், உள்ள நீயே வச்சுக்க, போ."

கோடு கிழிச்சது சின்ன வட்டம், கிளை விரிஞ்ச அளவுல பாதிகூட இல்ல. வேரு அதைத் தாண்டி எவ்வளவோ தூரம் ஓடிருக்கும். அன்னைக்கு மத்தியானம் பூரா பேசி, சித்தி சோறு போட்டுக்கிட்டே "பையன் கேக்குறான், விடேன்"னு சொல்லி, சாயங்காலம் மறுபடி போயி கோட்ட இன்னும் ஆறடி தள்ளிக் கிழிச்சோம். நாலு மூலைக்கும் கல்லு நட்டு என் பொண்ணு சுண்ணாம்பு அடிச்சா. ஜேசிபி வந்த அன்னைக்கு நான் ஓசூர்ல ஷிப்ட்ல இருந்தேன், சாப்பாட்டு டைம்ல வீடியோ கால் போட்டுக் காட்டுனா, மேல்வரப்பு முழுக்க செம்மண்ணு கொழகொழன்னு பொரண்டு கெடக்கு, நடுவுல சுண்ணாம்புக் கல்லுக்குள்ள மட்டும் பழைய தரை, காஞ்ச புல்லு, மரம். மரத்து மேல சின்னான் ரெண்டு கத்திக்கிட்டு இருந்துச்சு, அதுங்க எதுக்குத்தான் கத்தாது.

இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு முன்னாடியே ரெண்டு மழை. மீட்டர் பெட்டி மேல பழைய கூடு அப்படியே இருக்கு, அதுல வரல, இந்தத் தடவை பாத்ரூம் பக்கத்து செம்பருத்தியில கட்டிருச்சு. ஈபிக்காரர் விசாரிச்சாராம். என் பொண்ணு ஆவணி பொறந்ததுல இருந்து ஸ்கூல் விட்டு வந்தா நேரா கொல்லைக்குத்தான், ஒவ்வொரு கிளையா அண்ணாந்து பாத்துட்டு வருவா, தெனம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், "இன்னைக்கும் இல்லப்பா". மூணு வாரம் அதே மெசேஜ். சித்தப்பாவும் தக்காளிக்குத் தண்ணி விடப் போகும்போது பாக்குறாராம், எங்கிட்ட சொல்ல மாட்டாரு, சித்தி சொன்னாங்க.

போன ஞாயித்துக்கிழமை நானும் போனேன். கிளையில ஒண்ணும் இல்ல. சந்தனக் கன்னுக்குக் கீழ எறும்புச் சாரை போய்க்கிட்டு இருந்துச்சு, அதுல ஒரு எடத்துல கூட்டமா நின்னு எதையோ இழுத்துக்கிட்டு இருந்துச்சுங்க, அவதான் குனிஞ்சு எடுத்தா. ஒத்தச் சிறகு. உள்பக்கம் கருப்பா ஈரமா இருந்துச்சு, இன்னும் காயல, வெளிப்பக்கம் பாவாடையில தொடைச்ச உடனே பச்சை. இந்த மழைக்கு அது வெளிய வந்திருக்கு, எலை தின்னுருக்கு, நாங்க யாரும் பாக்காத நேரத்துல இருந்துட்டுப் போயிருக்கு. அந்த எடத்து மண்ண அவ கையால தொடவே இல்ல, முட்டை இருந்தாலும் இருக்கும்னு சொல்லி கால் வைக்கிற எடத்தையும் பாத்துப் பாத்து வச்சு வெளிய வந்தா.

வீட்டுக்கு வந்து ஆயாகிட்ட தைலப் புட்டிய வாங்கி, திண்ணையில நியூஸ்பேப்பர் விரிச்சு ரெண்டு சிறகையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். ஆயா கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து குனிஞ்சு பாத்தாங்க. காத்துல பேப்பர் படபடத்து ரெண்டும் கலைஞ்சு போச்சு, மறுபடி எடுத்து வச்சப்போ எது 1996, எது இந்த வருஷம்னு எங்களால பிரிச்சு சொல்ல முடியல. வெயில்ல தூக்கிப் பிடிச்சு, திருப்பி, மோந்துகூடப் பாத்தா. கடைசியில உள்பக்கத்துல ஈரம் இருந்தத வச்சுத்தான் புதுச கண்டுபுடிச்சு, அது காயுறதுக்குள்ள நோட்டுல இருந்து சின்னதா ரெண்டு துண்டு பேப்பர் கிழிச்சு வருஷம் எழுதி, தனித்தனியா ஒட்டி வச்சுட்டா.